தொண்ணூற்று மூன்றாம் நாள்

நீதிமன்ற வளாகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. வாசல் காவலரிலிருந்து கேன்டீன்காரர் வரைக்கும் அவர் கேவியட். "கேவியட் வந்தாச்சா?" "கேவியட் இப்பத்தான் டீ குடிக்கப் போச்சு." எதிர்த்தரப்பு வக்கீல்களும் அப்படியே. அவருக்கு அதில் வருத்தமில்லை. "சில பேரைச் சொட்டைன்னு கூப்பிடறாங்க, சில பேரைக் குட்டைன்னு கூப்பிடறாங்க. நம்மளை லத்தீன்ல கூப்பிடறாங்க. கௌரவம்தானே" என்பார்.

தொழில் வக்கீல் குமாஸ்தா. முப்பத்தெட்டு வருடம், ஒரே அறை, ஒரே மேசை. முதலில் பெரிய வக்கீலிடம். அவர் போன பிறகு அவர் மகளிடம். சட்டம் படித்தவர் இல்லை. பள்ளி இறுதி வகுப்பு, தட்டச்சு, அவ்வளவுதான் சரக்கு. கோப்பு சுமப்பது, முத்திரைத்தாள் வாங்குவது, மனுவைத் தட்டச்சு செய்து ஓரத்தில் துளையிட்டுக் கட்டுவது, வாய்தா தேதியை மறந்த கட்சிக்காரரை விரட்டிப் பிடித்துக் கொண்டுவருவது எல்லாம் எந்தக் குமாஸ்தாவும் செய்கிற வேலை. இவர் கை தனியாகத் தெரிந்தது ஒரே ஒரு மனுவில்.

அந்த மனுவை அவர் விளக்குகிற விதம் வக்கீல்களுக்கே வராது. "மத்த மனு எல்லாம் எதையாவது கேக்கும். இடத்தைக் குடு, விவாகரத்து குடு, நஷ்ட ஈடு குடு. இது ஒண்ணையும் கேக்காது. எதிராளி நாளைக்கு உங்ககிட்ட வரலாம், வந்து எம்மேல ஒரு உத்தரவு கேக்கலாம், அப்ப என்னையும் ஒரு வார்த்தை கேளுங்க, அப்புறம் உங்க இஷ்டம். அவ்வளவுதான் கேவியட். பிச்சை எடுக்காத ஒரே மனு."

லத்தீனில் அதற்கு 'அவன் உஷாராக இருக்கட்டும்' என்று பொருள் என்பதைப் பெரிய வக்கீல் சொல்லித் தெரிந்துகொண்டார். அதன் உறவுக்காரச் சொற்களையும் தேடிப் பிடித்தார். கேவியட் எம்ப்டர் என்றால் வாங்குகிறவன் உஷாராக இருக்கட்டும். ஒருநாள் காய்கறிப் பையை மேசைமேல் வைத்துக்கொண்டே இதை மனைவிக்குச் சொன்னார். அந்த அம்மாள் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "லத்தீன் தெரிஞ்ச மனுஷன் வாங்கின தக்காளியும் அழுகித்தான் இருக்கு" என்றார்.

யார் யாரோ வருவார்கள். கடையைக் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் தடையுத்தரவு வாங்கப்போகிறார் என்று காற்றுவாக்கில் கேள்விப்பட்ட தையல்காரர். இறந்துபோன அக்காவின் உயிலை அக்கா கணவர் சத்தமில்லாமல் நிரூபித்து உத்தரவு வாங்கிவிடுவாரோ என்று பயந்த பாட்டு டீச்சர். வேலைநீக்கத்துக்குத் தடை வாங்க எதிராளி ஓடுவான் என்று தெரிந்த பள்ளி நிர்வாகி. நல்லவரும் வருவார்கள், கெட்டவரும் வருவார்கள். இவருக்கு அந்தப் பேதமில்லை. "திருடனா இருந்தாலும் கேட்டுட்டுத் திட்டணும்" என்பார்.

அந்த மனுவுக்குத் தொண்ணூறு நாள்தான் உயிர். தொண்ணூற்று ஒன்றாம் நாள் அது வெறும் காகிதம். வேண்டுமானால் புதிதாகப் போட வேண்டும்.

கேவியட்டின் சொந்த மகளுக்கு இதெல்லாம் சோற்றோடு ஊட்டப்பட்டது. ஏனென்றால் அந்த வீட்டிலும் கேவியட் நடைமுறையில் இருந்தது. சமையலறை அலமாரிக் கதவில் ஒரு கிளிப் மாட்டியிருக்கும். வீட்டில் யாரும் ஒரு தாளில் 'இன்ன விஷயத்தில் என்னைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது' என்று எழுதித் தேதி போட்டு அதில் செருகலாம். செருகினால் கேட்டே ஆக வேண்டும். ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை, கேட்க வேண்டும். தம்பி ஏழு வயதில் முடிவெட்டுக் கடைக்கு எதிராக ஒன்று போட்டான். அப்பா அவனை நாற்காலியில் உட்கார வைத்து, அவன் தரப்பைக் கால் மணி நேரம் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்து, "கேட்டாச்சு. செருப்பைப் போடு, கிளம்பலாம்" என்றார். அம்மா போட்டது அடுப்படிச் சுவரின் நிறம் பற்றி. வென்றார். தொண்ணூறு நாள் கெடு அங்கேயும் உண்டு. அதில் யாருக்கும் சலுகை கிடையாது.

மகள் பதினேழு வயதில் போட்டதுதான் பெரிய வழக்கு. பெரியப்பாவும் அம்மாவும் அவளை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்புவதாகப் பேசி முடித்திருந்தார்கள். விண்ணப்பம்கூட வாங்கியாயிற்று. அப்பா அலமாரிக் கதவைப் பார்த்தார். தாளை உருவினார். "இருங்க. ஒரு கேவியட் இருக்கு."

"வீட்டைக் கோர்ட் ஆக்கிட்டியேடா" என்றார் பெரியப்பா. "கூண்டு ஒண்ணுதான் பாக்கி. அதையும் தச்சனை வரச்சொல்லி அடிச்சுடு."

"கூண்டு வேண்டாம்ணே. உக்காந்தே பேசட்டும்."

அவள் பன்னிரண்டு நிமிடம் பேசினாள். பெரியப்பா அதில் ஒன்பது நிமிடம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் எழுந்து போகவில்லை. அவள் கட்டுமானப் பொறியியல் படித்தாள்.

இப்போது நாற்பத்து நான்கு வயதில் அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர். கட்டுமானத் தளங்களிலிருந்து கான்கிரீட் கனசதுரக் கட்டிகள் வரும். தண்ணீரில் ஊறப் போட்டு, ஏழாம் நாள் சிலதையும் இருபத்தெட்டாம் நாள் மீதியையும் இயந்திரத்தில் வைத்து நசுக்க வேண்டும். எந்தச் சுமையில் உடைகிறது என்று எழுத வேண்டும். நாள் எண்ணுவது அவள் தொழில். இருபத்தேழாம் நாள் நசுக்கினால் அறிக்கை செல்லாது. இந்த எண்ணும் புத்தி அப்பாவிடமிருந்து வந்தது என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு.

அம்மா போய் ஆறு வருடமான பிறகு அப்பாவின் இடது காலில் புண் வந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு வருகிற புண். செருப்பு கடித்ததாக நினைத்து அவர் மூன்று வாரம் அதன்மேல் நடந்து நீதிமன்றம் போனார். இரண்டாம் விரல் கறுத்துப்போய், அதை எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவர் கேட்டார், அப்பா யோசித்தார், சரி என்றார். அதில் சிக்கலில்லை.

வீடு திரும்பிய மறுநாள் அவர் ஒரு தாளை மகளிடம் நீட்டினார். முறைப்படி தட்டச்சு செய்திருந்தார். மனுதாரர் தகப்பன். எதிர்மனுதாரர் மகள். 'மனுதாரரின் உடம்பிலிருந்து இனி எதை எடுப்பதாக இருந்தாலும் மனுதாரரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.'

"என்னப்பா இது. உங்களைக் கேக்காம யாரு எடுக்கப் போறா?"

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போடு."

சிரித்துக்கொண்டே போட்டாள். தேதியும் போட்டாள்.

விரல் போன இடம் ஆறவில்லை. மேலே மேலே ஏறியது. மூன்று மாதம் கட்டு மாற்றினார்கள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல் நெருப்பாய் அடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது அவர் கூரையைப் பார்த்து ஏதோ வழக்கு எண் சொல்லிக்கொண்டிருந்தார். புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு அறுவை மருத்துவர் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும்மா. விஷம் ரத்தத்துல ஏறுது. நாளைக்குக் காலையில பதினோரு மணிக்குத் தியேட்டர் கிடைச்சிருக்கு. ஒரே ஒரு கேவியட். இதயம் கொஞ்சம் பலவீனம்."

அந்தச் சொல் இங்கேயும் வந்துவிட்டது. தம்பியும் இப்படிச் சொல்வதுண்டு. வெளிநாட்டில் கணினி நிறுவனத்தில் இருந்தான். அலுவலகக் கூட்டங்களில் எல்லோரும் பேசி முடித்த பிறகு 'ஒரே ஒரு கேவியட்' என்று ஆரம்பிப்பார்களாம். அப்பாவுக்கு அது பிடிக்காது. "ஒரு 'ஆனா'வுக்குப் பேரு கேவியட்டாடா? ஆனான்னே சொல்லிட்டுப் போ. கேவியட்டுங்கறது எல்லாரும் பேசறதுக்கு முன்னாடியே வாசல்ல போய் நிக்கறது."

"இப்ப அவருக்கு நினைவு சரியா இல்ல" என்றார் மருத்துவர். "அதனால நீங்க கையெழுத்துப் போடுங்க. காலையில காய்ச்சல் இறங்கித் தெளிஞ்சுட்டார்னா அவர்கிட்டயும் பேசிடுங்க. அதுதான் முறை."

அவள் கைபேசியை எடுத்து நாள்காட்டியைத் திறந்தாள். அப்பாவின் தாளில் தான் போட்ட தேதியிலிருந்து எண்ணினாள். இரண்டு முறை எண்ணினாள். நாளைக் காலை தொண்ணூற்று மூன்றாம் நாள்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் கேட்ட முதல் கேள்வி, "அப்பா என்ன சொல்றார்?"

"சரின்னுட்டார்."

"அவரா? உடனேவா?"

"வேற வழி இல்லன்னு அவருக்கும் தெரியும்டா."

"போனைக் குடுக்கா. ஒரு வார்த்தை பேசிடறேன்."

"தூங்கறார்."

அவர் தூங்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, ஏதோ பட்டியலில் தன் வழக்கு எத்தனையாவதாக வருகிறது என்று சுவரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை காய்ச்சல் இறங்கிவிட்டது. அதுதான் அவளால் தாண்ட முடியாத இடம். காய்ச்சல் இறங்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையில் குற்றம் ஒன்றுமில்லை. ஆறேகாலுக்கு அவர் முழுத் தெளிவோடு விழித்தார். மூக்குக் கண்ணாடியைக் கேட்டார். செய்தித்தாள் கேட்டார். பத்தரைக்குத்தான் அழைத்துப்போக ஆள் வந்தது. நாலேகால் மணி நேரம். பெரியப்பாவிடம் அவள் பேசி முடிக்கப் பன்னிரண்டு நிமிடம் போதுமாக இருந்தது.

"இன்னைக்கு எனக்கு என்ன?" என்றார்.

"ஒரு ஸ்கேன்."

"வெறும் வயித்துல இருக்கச் சொல்லியிருக்காங்களே."

"அதுக்குத்தான்."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செய்தித்தாளைத் திருப்பினார்.

செவிலியர் வாசலில் நின்று தாழ்ந்த குரலில், "ஐயாகிட்டச் சொல்லியாச்சா?" என்று கேட்டார். "சொல்லியாச்சு" என்றாள் இவள். அதையும் ஒரு கட்டத்தில் டிக் செய்துகொண்டு அவர் போனார்.

ஏன் கேட்கவில்லை என்பதற்கு அவளிடம் பல பதில்கள் உண்டு. நேரமில்லை என்பது பொய். அவருக்குப் புரிந்திருக்காது என்பது அதைவிடப் பெரிய பொய். உண்மை சின்னது. கேட்டால் அவர் வேண்டாம் என்பார். இன்னும் பத்து நாள் மருந்தில் பார்ப்போம் என்பார். காலில்லாமல் எப்படிக் கோர்ட்டு மாடி ஏறுவேன் என்பார். அவர் பேச ஆரம்பித்தால் அவளுக்கு எதிர்வாதம் கிடையாது. தோற்கப்போகிறோம் என்று தெரிந்த கட்சிக்காரன் எதைச் செய்வானோ அதைச் செய்தாள். எதிர்த்தரப்பு இல்லாத நேரமாகப் பார்த்து உத்தரவு வாங்கினாள். எதிர்த்தரப்பு பக்கத்திலேயே கட்டிலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தது.

அறுவை நன்றாக முடிந்தது. மருத்துவர் அப்படித்தான் சொன்னார்.

மாலையில் அவருக்கு நினைவு வந்தபோது அவள் அருகில் இருந்தாள். போர்வை ஒரு பக்கம் மட்டும் நீளமாக மேடிட்டிருந்தது. இன்னொரு பக்கம் பாதியில் படுத்துவிட்டது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கத்தவில்லை. அழவும் இல்லை.

"இன்னைக்கு என்ன தேதி?" என்றார்.

சொன்னாள்.

வலது கை விரல்களைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். மாதம் மாதமாக எண்ணுவது அவர் வழக்கம். உதடு அசைந்தது.

"தொண்ணூத்தி மூணா?"

"ஆமாப்பா."

"அப்ப சரி" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நாற்பத்தொரு நாள் இருந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். கட்டு மாற்ற வருகிறவரிடம், "இனிமே ஒரு செருப்பு வாங்கினா போதும். கடைக்காரன் பாதி விலைக்குத் தருவானான்னு கேட்டுச் சொல்லு" என்று சிரித்தார். மகளிடம் தண்ணீர் கேட்டார், மாத்திரை கேட்டார், ஜன்னலைச் சாத்தச் சொன்னார். வாக்குவாதம் மட்டும் செய்யவில்லை. அதுவரை எதற்கெடுத்தாலும் வாதாடியவர். எந்தச் சட்டை போடுவது என்று அவள் கேட்டால்கூட, "உனக்கு எது தோணுதோ" என்றார்.

நாற்பத்தோராம் நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியிலேயே இதயம் நின்றுவிட்டது. அறுவைதான் காரணமா என்று அவள் மருத்துவரிடம் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அவர், எடுக்காமல் விட்டிருந்தால் அவ்வளவு நாள்கூட இருந்திருக்க மாட்டார் என்றார். இருக்கலாம். பரிசோதனைக் கூடத்தில் ஒரே கலவையில் எப்போதும் ஒன்றுக்கு மேல் கட்டிகள் வார்ப்பார்கள். ஒன்றைச் சீக்கிரம் நசுக்கிப் பார்க்கலாம், இன்னொன்றைக் காத்திருந்து பார்க்கலாம். அப்பா ஒருவர்தான் இருந்தார்.

அவர் போன எட்டாம் நாள் அவள் வக்கீல் அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். தம்பி முந்தைய வாரம் வந்து இறங்கியிருந்தான். அவனை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். வக்கீலம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அப்பா கடைசிவரை அவரைப் 'பாப்பா மேடம்' என்றுதான் கூப்பிட்டார்.

மேசையில் அப்பாவின் நாட்குறிப்பு இருந்தது. வக்கீலம்மா அதைத் திறந்து காட்டினார். தேதிகளின் ஓரத்தில் பென்சிலால் 85, 85 என்று எழுதியிருந்தது.

"இது என்ன மேடம்?"

"தெரியாதா? எண்பத்தஞ்சாம் நாள். யார் கேவியட் போட்டிருந்தாலும் எண்பத்தஞ்சாம் நாள் உங்கப்பாவே போன் பண்ணிடுவார். ஐயா, இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு, புதுசா போடணுமா வேண்டாமான்னு. கட்சிக்காரர் மறந்தாலும் இவர் மறக்க மாட்டார். ஒருத்தருக்கும் இங்க கெடு தவறினதில்ல." வக்கீலம்மா கொஞ்சம் யோசித்தார். "ஒரு தடவை தவறிச்சு. அந்தத் தையல்காரர். ஆஸ்பத்திரியில படுத்திருந்தார், போன் எடுக்கல. எதிர்த்தரப்பு வக்கீல் நாள் எண்ணி வச்சிருந்து, முடிஞ்ச மறுநாளே மனுவோட வந்துட்டார். உங்கப்பா என்ன பண்ணார் தெரியுமா? வராந்தாவுல அவரை மறிச்சு நின்னுட்டார். குமாஸ்தா, வக்கீலை."

"என்ன சொன்னார்?"

"கெடு முடிஞ்சா கேக்க வேண்டிய கட்டாயம் இல்ல சார், ஒத்துக்கறேன். கேக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு, அதைக் காட்டுங்க. அப்படின்னார். அந்த மனுஷனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. மூணு நாள் தள்ளி வந்து, தையல்காரர் தரப்புக்கு நோட்டீஸ் குடுத்துட்டுத்தான் மனு போட்டார்." வக்கீலம்மா சிரித்தார். சிரிக்கும்போதே கண் கலங்கியது. "நான் படிச்ச சட்டத்தை அவர்கிட்டதான் புரிஞ்சுக்கிட்டேன்."

மகள் நாட்குறிப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வாதம் அவர் கையில் இருந்தது. அன்று மாலை, போர்வையைப் பார்த்துக்கொண்டு விரல் எண்ணியபோதும் அவருக்கு அது தெரியும். யாரோ ஒரு வக்கீலை வராந்தாவில் மறித்துக் கேட்டதை அவர் மகளிடம் கேட்கவில்லை. அப்ப சரி என்றார். ஜெயிக்கிற வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

எண்பத்தைந்தாம் நாள் அவள் அவருக்குக் கட்டு மாற்றுவதற்குப் பஞ்சு வாங்கிப் போயிருந்தாள். ரசீது இன்னும் கைப்பையில் இருந்தது. அன்று அவர்கள் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கெடுவைப் பற்றி அவளும் சொல்லவில்லை. தன் மனுவுக்கு நினைவூட்ட ஆள் இருக்கிறது என்று அவர் நம்பியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தபோது தம்பி சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். அப்பாவின் நினைவாக ஒரு அட்டை அச்சடித்து நீதிமன்றத்தில் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. தூரத்தில் இருந்துவிட்ட பிள்ளைக்கு ஏதாவது செய்தாக வேண்டியிருந்தது.

"வா அக்கா, கேளு. ரெண்டு நாளா மண்டையை உடைச்சு எழுதினேன்." படித்தான். பிறந்த தேதி, இறந்த தேதி, தொழில். பிறகு, "'கடைசிவரை தன் முடிவைத் தானே எடுத்தவர்.' எப்படி இருக்கு?"

"அந்த வரி வேண்டாம்."

"ஏன்? அதுதானே அப்பா. காலைக்கூட சரின்னு ஒரே வார்த்தையில குடுத்த மனுஷன். எனக்கு அந்த தைரியம் வராது."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். நின்றுகொண்டே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. அப்பா சரி என்று சொல்லவே இல்லை என்றாள். கேட்கவே இல்லை என்றாள். தாள், தேதி, தொண்ணூற்று மூன்று, ஸ்கேன் என்று சொன்னது, செவிலியரிடம் சொன்னது, எல்லாவற்றையும் பரிசோதனை அறிக்கை போல வரிசையாகச் சொன்னாள். காரணம் எதையும் சேர்க்கவில்லை.

தம்பி மடிக்கணினியை மூடினான்.

"அன்னைக்கு நான் போன் கேட்டேன்" என்றான்.

"கேட்ட."

"தூங்கறார்னு சொன்ன."

"தூங்கல."

"அப்ப அவருக்கு நினைவு இல்ல, சரி. மறுநாள் காலையில? நாலு மணி நேரம் பேப்பர் படிச்சார்ங்கற. எனக்கு ஒரு போன் போடத் தோணலையா?"

"தோணிச்சு. போட்டா நீ அவர்கிட்டக் கேட்டுடுவ. அவர் வேண்டாம்பார். நீயும் அவர் பக்கம் போயிடுவ."

"போயிருக்க மாட்டேன். நானும் எடுத்துடலாம்னுதான் சொல்லியிருப்பேன். அவர்கிட்டச் சண்டை போட்டிருப்பேன். அந்தச் சண்டையாவது எனக்குக் கிடைச்சிருக்கும்லக்கா."

அப்பாவின் காலைப் பற்றி மட்டுமே அவள் இத்தனை நாள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பியிடமிருந்தும் ஒன்றை எடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவன் எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அட்டை அந்த வரி இல்லாமல் அச்சானது. தேதிகளும் தொழிலும் மட்டும். நீதிமன்றத்தில் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். ஊருக்குக் கிளம்பும் நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வரேன்" என்றான். அக்கா என்று சொல்லவில்லை.

மூன்று வாரம் பேச்சில்லை. அவள் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால், அவன் கொடுத்தே ஆக வேண்டியிருக்கும். அதுவும் இன்னொரு கையெழுத்து வாங்குகிற மாதிரிதான். வேலைக்குப் போனாள். கட்டிகளை நசுக்கினாள். எண்களை எழுதினாள். இயந்திரத்தின் ஊசி ஏறி ஏறி ஒரு இடத்தில் சட்டென்று விழும்போது, உடன் வேலை செய்கிறவர்கள் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அழைத்தான்.

"அக்கா."

"சொல்லுடா."

"கோபம் போயிடுச்சுன்னு நினைக்காத. போகல."

"சரி."

"அன்னைக்குக் காலையில நீ அவர்கூட இருந்த. நாலேகால் மணி நேரம். நான் இல்ல. அவர் தெளிவா பேசின கடைசிக் காலை அதுதான். அதுக்கப்புறம் போன்ல என்கிட்டப் பேசினதெல்லாம் ம், சரி, பார்த்துக்கோ, அவ்வளவுதான். அன்னைக்கு என்ன பேசினார்? ஒண்ணு விடாம எனக்குச் சொல்லு. உனக்குச் சாதகமா ஒரு வார்த்தை சேர்க்காத."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் காலையை அவள் யாருக்கும் சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லும்போதும் பொய் சொன்ன இடத்துக்கு நேரே தாவிவிடுவாள்; நடுவில் இருந்ததையெல்லாம் தொட மாட்டாள்.

"ஆறேகாலுக்குக் கண்ணைத் திறந்தார்" என்று ஆரம்பித்தாள். "தொண்டை காஞ்சிருந்தது. உதட்டைப் பஞ்சால நனைச்சு விட்டேன். பேப்பர்ல முதல்ல வானிலையைப் பார்த்தார். மழை வராதாம், ஆனா வரும்னார். பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விட்டார். இவர் ராத்திரி பூரா மரம் அறுத்திருக்கார், காலையில வீடு கட்டிடலாம்னார். அப்புறம் உன்னைக் கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"அவனுக்கு அங்க இப்ப மணி என்னன்னு கேட்டார். கணக்குப் பண்ணிச் சொன்னேன். நடு ராத்திரியாச்சே, போன் பண்ணலாம்னு பார்த்தேன், தூங்கட்டும்னார்." அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "அப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அதையும் சொல்லிடறேன்."

வைத்துவிட்டானோ என்று திரையைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ம்" என்றான் தம்பி. "மேல சொல்லு."